ஏழாவது வரியில் சின்ன வெங்காயம்

கல்லூரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் நிர்மலா சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவியர் செய்யவேண்டிய செயல்திட்டங்களின் பட்டியல் அது. சுற்றுவட்டாரத் தொழில் நிறுவனங்கள் தங்கள் பிரச்சினைகளை இணையத்தில் பதிவேற்றுகின்றன. அவற்றை மாணவியருக்குப் பங்கிடுகிறார்கள். பட்டியலோடு ஒரு குரல்பதிவும் இருந்தது.

"மேடம், நீங்க இருந்தப்ப மாசாமாசம் கம்பெனிக்காரங்களக் கூப்பிட்டுக் கூட்டம் போடுவீங்களாமே. இப்பத்தான் எல்லாம் போர்ட்டல்லயே வந்துருதே. ஆனா பிள்ளைங்க ஏதோ ஒட்டாமயே செய்யுதுக. அந்தக் கூட்டத்துல அப்படி என்னதான் பேசுவீங்க? செத்த எழுதிக் குடுங்களேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் படித்தேன். ஏழாவது வரியில் நின்றுவிட்டேன். "சின்ன வெங்காயம் தரம் பிரிக்க இயந்திரம் தேவை. ஒட்டன்சத்திரம்." எதிரே மூன்று மாணவியரின் பெயர்கள்.

நிர்மலா கேட்டது எளிய கேள்வி. கூட்டத்தை நடத்தும் முறையை என்னால் உறக்கத்திலும் சொல்ல முடியும். அந்தக் கூட்டம் யாருக்காக நடந்தது என்பதில்தான் எனக்கு இன்றும் தெளிவில்லை. தெளிவில்லாத ஒருத்தி எழுதித்தரும் வழிகாட்டியை எவ்வளவு நம்பலாம் என்பதை நிர்மலாவே முடிவு செய்துகொள்ளட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொறியியல் படித்தேன், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஓராண்டு பயிற்சியில் இருந்தேன், பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் திண்டுக்கல்லில் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. துறைத்தலைவர் சவரிமுத்து சார், நான் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் என்னை அழைத்து, "டீச்சர், மொத சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இனிமே நீங்கதான் குறிப்பு எழுதணும். கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். என் பணிவாழ்க்கையைத் தீர்மானித்தது அந்த ஒரு வாக்கியந்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஏழு நிறுவனங்களிலிருந்து ஆள் வருவார்கள்: இரண்டு நூற்பாலைகள், ஒரு வார்ப்புப் பட்டறை, ஒரு மாவு ஆலை, தென்னைநார் ஆலை ஒன்று, பம்பு மோட்டார் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்று, ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டி ஒன்று. சாரின் நடைமுறைகள் மூன்று. முதலாவது, மாணவியர் எதிர்வரிசையில் உட்காரக் கூடாது. அவரவர் நிறுவனத்துக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரவேண்டும். "எதுக்க உக்காந்தா இன்டர்வியூ. பக்கத்துல உக்காந்தா பேச்சு" என்பார். இரண்டாவது, நிறுவனத்துக்காரர் தம் பிரச்சினையை ஒற்றைத் தாளில், தம் சொந்த வார்த்தையில் எழுதித் தரவேண்டும். ஆசிரியர்கள் அதில் ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. அந்தத் தாளைப் படித்துவிட்டு, நிறுவனத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் மாணவி அதே பிரச்சினையைத் தன் வார்த்தையில் அவருக்கே திருப்பிச் சொல்லவேண்டும். அவர் "அதான்" என்று சொன்னால்தான் செயல்திட்டம் பதிவேட்டில் ஏறும். "அப்படித்தான்னு வச்சுக்கங்க", "கிட்டத்தட்ட" என்றெல்லாம் சொன்னால் ஏறாது. ஒருமுறை நூற்பாலைக்காரர் ஒருவர் வண்டி பிடிக்கும் அவசரத்தில், "ஏதோ ஒண்ணு, எழுதிக்கங்க சார்" என்றார். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியை மடித்தால் இனி அவர் பேசப்போவதில்லை, மற்றவர்தான் பேசவேண்டும் என்று பொருள். அறை முழுவதும் காத்திருந்தது. அந்த மாணவி நான்கு முறை மாற்றி மாற்றிச் சொன்னாள். நான்காம் முறை அவர் நாற்காலியில் நிமிர்ந்து, "அதான்! அதத்தான்மா நானும் சொல்றேன்!" என்றார். அதற்குப் பிறகுதான் காபியும் உளுந்தவடையும் உள்ளே வந்தன.

சாரிடம் எனக்குப் புரியாத வழக்கமும் ஒன்று இருந்தது. ஆண்டு முடிவில் எந்தச் செயல்திட்டம் கைகூடாமல் போனாலும், நான் குறிப்பில் "தீர்வு எட்டப்படவில்லை" என்று எழுதினால் அதை அடித்துவிட்டுத் தம் கையால் "தொடரும்" என்று எழுதுவார். மதிப்பெண்ணையும் குறைக்க மாட்டார். ஒருநாள் துணிந்து கேட்டேன். "முடியலைன்னு எழுதுனா அதோட முடிஞ்சுருமே டீச்சர்" என்றார். அது பெருந்தன்மையா, பூசி மெழுகுவதா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் காலமானார். கல்லறைத் திருநாளில் அவருக்குப் பூ வைத்துவிட்டு வரும்போதுகூட அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

அவருக்குப் பின் கூட்டப் பொறுப்பு என்னிடம் வந்தது. நடைமுறைகள் மூன்றையும் காப்பாற்றினேன். "தொடரும்" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்பது என் எண்ணம். அதில் எனக்குச் சிறு பெருமையும் இருந்தது.

நான் ஓய்வுபெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இனிச் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு வகுப்பை மூன்று மூன்று பேராகப் பிரித்தபோது ஒருத்தி மிஞ்சினாள். ஜெசிந்தா. சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர். தகப்பனார் பூ விவசாயம். காலையில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறி வருவாள். விரல் நுனியெல்லாம் பச்சை ஏறியிருக்கும். சென்னைக்கு அருகே ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: முதல் வகுப்பில் தேறவேண்டும். அவள் விளிம்பில் இருந்தாள். செயல்திட்ட மதிப்பெண்தான் அவளைக் கரையேற்றவேண்டும். தனி ஆள் என்பதால் எல்லோருக்கும் பழக்கமான எளிய பிரச்சினை ஒன்றை அவளுக்குத் தந்தேன்: மண்டிக்காரர் கந்தசாமி எழுதித் தந்த சின்ன வெங்காயம். பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரிக்க ஒரு சல்லடை உருளை. முந்தைய மாணவியர் ஒட்டுப்பலகையில் மாதிரி செய்து நல்ல மதிப்பெண் வாங்கிய திட்டம் அது.

மண்டிக்குப் போய்வந்த மறுநாள் ஜெசிந்தா ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மிஸ், அங்க மெஷின் இருக்கு."

"எங்கே?"

"ஒட்டன்சத்திரத்துல, மிஸ். கந்தசாமி ஐயா மண்டியில. மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காக. ராமாத்தான்னு ஒரு அம்மா, கீழ உக்காந்து வெங்காயம் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் தண்ணி கேட்டேன். சிரிக்குது மிஸ். 'நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் கண்ணு எங்களக் கீழ உக்கார வெக்கறாங்க. மத்த நாளு அந்த மெஷினுதான் பிரிக்குது. உன்னால எனக்கு இன்னைக்கு இடுப்பு ஒடியுது'ன்னு சொல்லுது."

நான் நம்பவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை முன்னறிவிப்பின்றி பேருந்து ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். மண்டி வாசலில் கேரளத்துக்குப் போகும் லாரி ஒன்றில் தக்காளிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே உருளையின் சத்தம் கேட்டது. தார்ப்பாய் அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் வாயில் வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்த ராமாத்தா, என் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "அய்யோ, இன்னைக்குமா?" என்று கேட்டபடி கீழே உட்காரப் போனாள்.

கந்தசாமி ஓடிவந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நான்கு பேனா.

"அடடா, மேடம்! சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே. ஒரு வார்த்த போன் பண்ணியிருந்தீங்கன்னா..."

"தார்ப்பாய் போட்டிருப்பீர்களா?"

அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மோர் வரவழைத்து, அதன் பிறகே பேசினார். "ஏனுங்க மேடம், பொய் சொல்லோணும்னு இல்லீங்க. மொத வருசம் நெசமாவே மெஷின் கெடையாதுங்க. பிள்ளைங்க பலகையில ஒண்ணு செஞ்சு காட்டுனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, மூட்டை கொட்டுனாத் தாங்குமுங்களா? அடுத்த வருசம் கோயமுத்தூர்ல ஒண்ணு வாங்கிப்போட்டேன். அப்பத்தான் காலேஜ்ல இருந்து போன் பண்ணி, இந்த வருசம் என்னங்க பிரச்சினைன்னு கேக்கறாங்க. ஒண்ணுமில்லீங்கன்னு எப்படிச் சொல்றது? வூட்டுக்கு வந்தவங்ககிட்டச் சோறு இல்லைன்னு சொல்ற மாதிரி இருந்துச்சுங்க."

"பிள்ளைகள் திருப்பிச் சொன்னபோது நீங்கள்தானே 'அதான்' என்றீர்கள்?"

"பக்கத்துல உக்காந்து மூஞ்சியப் பாத்துக் கேக்குதுங்க. வேற என்னங்க சொல்றது?"

திரும்பும் பேருந்தில் எனக்குள் எதுவும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளவில்லை. நிறுவனங்களுக்கு நாங்கள் உதவுகிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்கு அவர்கள் உதவுகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருநாள் அந்தப் பெண்கள் தரையில் உட்கார்ந்து இடுப்பொடிந்தது இந்த இரண்டு மரியாதைகளுக்கு நடுவில்தான். பழைய பதிவேட்டைப் புரட்டினேன். கந்தசாமி இயந்திரம் வாங்கிய அந்த ஆண்டின் பக்கத்தில், சவரிமுத்து சாரின் கையெழுத்தில் "தொடரும்" என்று இருந்தது. அவருக்குத் தெரியுமா? தெரிந்தே எழுதினாரா? கேட்க ஆள் இல்லை.

ஜெசிந்தாவிடம், "பலகையில் மாதிரியைச் செய்துவிடு. ஆறு வாரந்தான் இருக்கிறது" என்றேன்.

"செஞ்சு யாருக்கு மிஸ் குடுக்க?"

"மதிப்பெண்ணுக்கு."

அவள் தன் பச்சை ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என் பதில் பிடிக்கவில்லை. ஆகவே இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "கூட்டத்தில் உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைக் கேள்." அனுமதி கொடுத்துவிட்டதாக அன்று நிறைவாக இருந்தது. அவளைத் தனியே அனுப்பிவைத்தேன் என்பது பிறகே உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் ஏழு பேரும் வந்தார்கள். ஜெசிந்தாவின் முறை வந்தது. கந்தசாமிக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஐயா, உங்க மண்டியில வெங்காயம் பிரிக்க மெஷின் இல்ல. அதான் பிரச்சினையா?"

கந்தசாமி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார்; தொண்டையைச் செருமினார்; ஆனால் அந்தச் சொல் வரவில்லை. பேனாவை மேசைமேல் கிடத்திவிட்டுக் காத்திருந்தேன். சார் கண்ணாடியை மடித்து வைக்கும் இடம் அது.

ஜெசிந்தா மறுபடி கேட்டாள். "இல்ல, வேற மாதிரிச் சொல்றேன். ராமாத்தா அம்மாவ மறுபடி போய்ப் பாத்துக் கேட்டுட்டு வந்தேன். மெஷின் இருக்கு. வெயில் நாள்ல நல்லா ஓடுது. மழை பெஞ்சு வெங்காயம் ஈரமா வந்துச்சுன்னா, உருளைக்குள்ள ஒட்டிக்கிட்டுத் தோல் உரிஞ்சுருது. தோல் போனா கேரளாக்காரங்க வாங்க மாட்டாக. அதனால மழை நாள்ல அம்புட்டையும் ராமாத்தா அம்மாவும் மத்தவங்களும் நெசமாவே கையிலதான் பிரிக்கிறாக. இதுவா?"

கந்தசாமி நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பிவிட்டார். "அதான்! அதானுங்க கண்ணு! இத்தன வருசமா அதத்தான் யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தனுங்க. மெஷினே இல்லைன்னு சொல்லிப்போட்டு, மெஷின் சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?"

யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது நூற்பாலைப் பராமரிப்புப் பொறியாளர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். "மேடம், செத்த எங்க தாளக் குடுங்க. ஒரு வார்த்த மாத்தணும்." கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையை மாற்றவில்லை. தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்னர் மாவு ஆலைக்காரர். பின்னர் வார்ப்புப் பட்டறை. பின்னர் பம்பு மோட்டார்க்காரர். அன்று நான்கு தாள்கள் திரும்பிப் போயின. இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். மற்ற இருவரும் வடையை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. கூட்டம் ஏன் இளைத்தது என்று முதல்வர் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நல்ல கூட்டம் என்று நான் நினைத்ததுதான் நான் நடத்தியவற்றில் ஆள் குறைந்த கூட்டத்துக்கும் காரணமாயிற்று. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஜெசிந்தாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. உருளையின் உட்புறம் ரப்பர் ஒட்டிப் பார்த்தாள். பழைய பருத்திப் புடவையைச் சுற்றிப் பார்த்தாள். தென்னைநார் ஆலைக்காரரிடம் நார்ப்பாய் வாங்கி விரித்துப் பார்த்தாள். திண்டுக்கல் மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை; அந்த ஐந்து வாரத்தில் இரண்டே நாள் பெய்தது. மற்ற நாள்களில் வெங்காயத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்தாள். "மழை ஈரம் வேற, இது வேற" என்று ராமாத்தா சொல்லிவிட்டாள். நார்ப்பாயில் தோல் சற்றுக் குறைவாக உரிந்தது. ஆனால் பாய் இரண்டே நாளில் நைந்துபோனது. அறிக்கையின் கடைசி வரியில், "தீர்வு கிடைக்கவில்லை" என்று ஜெசிந்தா எழுதினாள். கந்தசாமி அதன் கீழே தம் நான்கு பேனாக்களில் ஒன்றால், "பிரச்சினை சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அகமதிப்பீட்டுப் படிவம் என்னிடம் இருந்தது. அதில் ஒரு கட்டம்: செயல்படும் மாதிரி, இருபது மதிப்பெண். மாதிரி செயல்படவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள் நான். பூஜ்யம் போட்டேன்.

வெளித்தேர்வாளரும் மாதிரி எங்கே என்றுதான் கேட்டார். ஜெசிந்தா தேறினாள், முதல் வகுப்புக்குச் சில மதிப்பெண்கள் குறைந்தன. அந்த வேலை போயிற்று. அதே ஆண்டு பலகையில் மாதிரி செய்த தோழியர் நல்லபடியாக வேலைக்குப் போனார்கள், அவர்கள்மேலும் குற்றமில்லை. ஜெசிந்தா ஓராண்டு வீட்டிலிருந்து பூப் பறித்தாள். பிறகு கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் இடமொன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாள். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை.

"தொடரும்" என்று எழுதி இருபதில் பதினைந்து போட்டிருக்கலாம். சார் அதைத்தான் செய்திருப்பார். அது பொய்யாகியிருக்குமா? படிவம் மாதிரியைக் கேட்டது. நான் மாதிரிக்கு மதிப்பெண் போட்டேன். அவளை உண்மை பேசச் சொன்னதும் நான்தான். பேசியதற்குப் பூஜ்யம் போட்டதும் நான்தான். இரண்டும் எப்படி ஒரே கையால் ஆயிற்று என்று பல ஆண்டுகளாக யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க இன்னும் கலங்குகிறதேயொழியத் தெளியவில்லை.

நிர்மலாவின் பட்டியல் வந்த மறுநாள் கந்தசாமிக்குத் தொலைபேசினேன்.

"வணக்கமுங்க மேடம்! நல்லா இருக்கீங்களா? அந்தப் பொண்ணு எப்படி இருக்குதுங்க?"

"நன்றாக இருக்கிறாள். மறுபடியும் வெங்காயம் பிரிக்க இயந்திரம் கேட்டிருக்கிறீர்களே?"

மறுமுனையில் செருமல். "அது வந்துங்க... அந்தப் போர்ட்டல்ல பிரச்சினைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அத நெரப்பாம அடுத்த பக்கம் போவே மாட்டேங்குதுங்க. நூத்தி இருபது எழுத்துக்கு மேல ஏத்துக்கவும் மாட்டேங்குது. கேக்கறதுக்கும் அங்க ஆளில்லீங்களே. பழையதையே போட்டுட்டேனுங்க."

என்ன செய்வது என்று ஜெசிந்தாவிடமே கேட்டேன். பட்டியலின் படத்தை அனுப்பி, "இந்த மூன்று பிள்ளைகளிடம் என்ன சொல்வது?" என்று எழுதினேன். மதிய இடைவேளையில் அவளே அழைத்தாள். பின்னால் பம்புகளின் இரைச்சல்.

"மிஸ், அந்த மெஷின் இன்னும் ஈரத்துல தோல உரிக்குதான்னு கேட்டீங்களா?"

நான் அதைக் கேட்கவில்லை. மறுபடி கந்தசாமியை அழைத்துக் கேட்டேன். "உரிக்குதுங்க மேடம். போன மழைக்கும் ராமாத்தாதான்" என்றார். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப அத எழுதச் சொல்லுங்க மிஸ். நார்ப்பாய் சீக்கிரம் நைஞ்சுருச்சுன்னு அந்தப் பிள்ளைகள்ட்டச் சொல்லுங்க. மொதல்லருந்து ஆரம்பிக்க வேணாம். என் ரிப்போர்ட் லைப்ரரியில கெடக்கும்."

நிர்மலா, ஏழாவது வரியை மாற்றிவிடுங்கள். அந்த மூன்று பேரையும் மழை பெய்கிற நாளாகப் பார்த்து ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்புங்கள்; ராமாத்தாவிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். கந்தசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அவர் முதல்முறை "அதான்" என்றால் நம்பவேண்டாம். ஆண்டு முடிவில் அந்த இருபது மதிப்பெண் கட்டம் உங்கள் முன்னால் வரும். அங்கே என்ன போடவேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஜெசிந்தாவிடம் அன்று இன்னொன்று கேட்க நினைத்திருந்தேன். பம்பு இரைச்சலில் கேட்கவில்லை என்பது சாக்கு. அடுத்த மாதம் அவள் ஊருக்கு வருகிறாள். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் அவளுக்குச் செய்தது இன்னதென்று என் வார்த்தையில் சொல்லவேண்டும். அவள் "பரவால்ல மிஸ்" என்பாள். அது பதிவேட்டில் ஏறாது. மாற்றி மாற்றிச் சொல்லவேண்டும், அவள் "அதான்" என்று சொல்லும்வரை.